எந்தத் தண்ணீருக்கு எந்தப் பக்குவம்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்று 2018 டிசம்பரில் பெயர் மாறிவிட்டது. பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். தேனிலவுக்கு வரும் வடநாட்டு மணப்பெண்கள் சிவப்பும் வெள்ளையுமான சூடா வளையலைக் கை நிறைய அடுக்கியிருப்பார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கழற்றக்கூடாது என்பது பஞ்சாபிகள் வழக்கம் என்பதால் வளையலும் கூடவே கடலுக்குள் இறங்கும். அங்குள்ள நெமோ ரீஃபில் 2 மீட்டரில் அது செங்கல் நிறம். 5 மீட்டரில் மண் நிறம். இன்னும் ஆழம் போனால் யாரோ மை தடவிவிட்டதுபோல் கறுத்துக் கிடக்கும். கரையேறிக் கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பார்க்கும்போது, கோமாளி மீன் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும், அந்தக் கறுத்த வளையல் கண்ணை உறுத்தும்.

தண்ணீர் சிவப்பைத் தின்றுவிடும், அதுதான் காரணம். தூய தண்ணீரில் அளந்து வைத்த கணக்குப்படி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒரு மீட்டர் கடப்பதற்குள் ஏறக்குறைய 29 சதவீதத்தை இழக்கிறது. 5 மீட்டரில் மிஞ்சுவது 18 சதவீதம், 10 மீட்டரில் 3 சதவீதம் சொச்சம். 450 நானோமீட்டர் நீலமோ அதே 10 மீட்டருக்குப் பிறகும் நூற்றுக்கு 91 பங்கு அப்படியே இருக்கும். இது மேலிருந்து இறங்கும் ஒளிக்கு மட்டுமான கணக்கு. வளையலில் பட்டுத் திரும்பிக் கேமராவுக்கு வருகிற தூரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஆழத்தில் ஒருவர் ஒரு முழம் தள்ளி நின்றாலே அவர் முகத்தின் நிறம் மாறிவிடும்.

டைவ் கடைகளில் படம் எடுப்பவர்கள் இதற்கு ஒரு பக்குவம் வைத்திருக்கிறார்கள். சிவப்புச் சேனல் வற்றிக் கிடப்பதால் பச்சையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி அதில் ஊற்றுவது. பிறகு வெள்ளையைச் சமன்செய்வது, மங்கலை விலக்குவது, ஓரம் நறுக்குவது, அளவைக் குறைப்பது, மூலையில் கடையின் பெயரைப் பதிப்பது. ஒரு படத்துக்கு ஏழெட்டு வேலை. ஒரு விருந்தினருக்கு முப்பது படம், நாளைக்குப் பத்து விருந்தினர் என்று வைத்துக்கொண்டால் 300 படம். அந்தமானில் பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாய்கிறது. நாட்டின் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓட, தீவுகளோ 93 பாகைக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. மே மாதத்தில் 5 மணிக்கே வெளிச்சம். காலையிலிருந்து தண்ணீரில் கிடந்தவர், இரவில் 300 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஏழெட்டு வேலை பார்க்க முடியாது. மறுநாள் காலைப் படகில் விருந்தினர் போய்விடுவார்.

இந்தச் சலிப்புக்கு மருந்தாக 1996இல் போட்டோஷாப்பின் 4ஆம் பதிப்பில் ஆக்‌ஷன் என்ற வசதி வந்தது. ஒரு படத்தில் செய்கிற வேலையை அது வரிசையாகக் குறித்துக்கொள்ளும். அந்த வரிசையை ஒரு ஃபோல்டரில் உள்ள அத்தனை படங்கள்மேலும் ஓட்டிவிடலாம். காசில்லாத கிம்ப்பில் ஸ்கிரிப்ட்-ஃபூ உண்டு. பெயின்ட் ஷாப் ப்ரோவில் 8ஆம் பதிப்பிலிருந்து பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதலாம். திரையே இல்லாமல் கட்டளை வரியிலேயே வேலை பார்க்கும் இமேஜ்மேஜிக் இந்த வசதிகள் எல்லாவற்றுக்கும் மூத்தது, 1990இலிருந்து புழக்கத்தில் இருப்பது. எந்தப் பெயரில் அழைத்தாலும் காரியம் ஒன்றுதான்: ஒருமுறை யோசித்ததை மறுபடி யோசிக்காமல் ஆயிரம் முறை செய்துமுடிப்பது. வசதி அங்கேதான், சங்கடமும் அங்கேதான்.

ஒரு சீசன் முழுக்க வேலை பார்த்த கணினியின் ஆக்‌ஷன் பலகையைத் திறந்தால் இது புரியும். ‘அண்டர்வாட்டர்’, ‘அண்டர்வாட்டர் 2’, ‘நீலம் குறை’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘அண்ணன் கொடுத்தது’. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாலையில், ஏதோ ஒரு படத்துக்காக, நன்றாக யோசித்துச் செய்யப்பட்டதுதான். எந்தப் படம், எந்த மாலை என்பது மட்டும் மறந்துபோயிருக்கும். அஞ்சறைப்பெட்டியில் எந்தக் கிண்ணத்திலும் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. தினமும் புழங்கும் கைக்குச் சீரகம் எது, சோம்பு எது என்று தெரியும். அந்தக் கை ஊருக்குப் போன அன்றைக்கு, சமைக்க நிற்கிறவர் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்ப்பார். ஸ்கிரிப்டை முகர்ந்து பார்க்க வழியில்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும், அதற்குள் 300 படமும் வெந்துவிடும்.

அடுக்கி வைப்பது என்றவுடன் பெரும்பாலோர் செய்வது, வேலையின் வகைப்படி பிரிப்பது: நிறத்துக்கு ஒரு ஃபோல்டர், அளவுக்கு ஒன்று, கூர்மைக்கு ஒன்று. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் 9 மீட்டரில் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒழுங்கால் பயனில்லை. அவருடைய கேள்வி, இது எந்தத் தண்ணீருக்கான பக்குவம் என்பது. நெமோ ரீஃபின் ஆழமில்லாத மணல்தரைக்கா, 20 மீட்டர் சுமாரில் நீலத்துக்குள் எழுந்து நிற்கும் டிக்ஸன்ஸ் பினக்கிளுக்கா? காலைச் சாய்வெயிலுக்கா, உச்சிப் பொழுதுக்கா? பிளாஷ் அடித்ததா, அடிக்காததா? ஸ்கிரிப்டின் பெயரில் இருக்க வேண்டியவை இவைதாம். ‘நெமோ, 3 முதல் 6 மீட்டர், பிளாஷ் இல்லை, வாட்ஸ்அப்புக்கு’ என்பது நீளமான பெயர்தான். அது நீளமாகவே இருக்கட்டும். டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானீஸ் கார்ஜ், ஜாக்ஸன்ஸ் பார் என்று இங்குள்ள முங்குமிடங்களுக்கே அந்தக் கடலை நன்கறிந்த கரேன் இனத்து முங்குநர்களின் பெயர்கள்தான் நிலைத்திருக்கின்றன. 1920களில் பர்மாவிலிருந்து வந்து வடக்கே மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் ஆழமும் நீரோட்டமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. ஸ்கிரிப்டுக்கும் அப்படியொரு பெயர் வேண்டும்.

எல்லாத் தண்ணீருக்கும் ஒரே பக்குவம் ஏன் இல்லை என்பதை ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். தெர்யா அக்கய்நாக், தாலி திரைபிட்ஸ் இருவரும் 2019இல் ‘சீ-த்ரூ’ என்ற முறையை வெளியிட்டார்கள். கடலடிப் படத்திலிருந்து தண்ணீரையே எடுத்துவிடும் முறை என்று அதைச் சொல்லலாம். அதன் அடிப்படை, படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை முதலில் கணக்கிடுவது. பக்கத்திலிருக்கும் பவளத்துக்கு ஒரு திருத்தம், பின்னாலிருக்கும் பாறைக்கு இன்னொரு திருத்தம். பொருளிலிருந்து வரும் ஒளி மங்கும் விதமும், இடையிலுள்ள தண்ணீர் சிதறடித்துக் கேமராவுக்கு அனுப்பும் மூட்டமும் வேறு வேறு கணக்கில் போகின்றன என்பதை அவர்கள் காட்டினார்கள். டைவ் கடைக்காரரிடம் இருப்பதோ படம் முழுவதற்கும் ஒரே அளவில் சிவப்பு ஊற்றும் ஆக்‌ஷன். 4 மீட்டருக்குச் செய்ததை 12 மீட்டர் படத்தில் ஓட்டினால் வளையல் சிவக்காது. அங்கே கடன் கொடுக்கப் பச்சையிலும் அவ்வளவு இருப்பதில்லை. நிழல்களில் செம்புள்ளிகள் அரிசிக்குருணைபோல் தெறிக்கும். 12 மீட்டருக்குச் செய்ததை 4 மீட்டரில் ஓட்டினால் மணல் ரோஸ் நிறமாகி, முகம் வெயிலில் வெந்ததுபோல் ஆகிவிடும்.

போட்டோஷாப்பில் பலரும் தொடாத ஒரு வசதி இந்த இடத்தில் கைகொடுக்கும். ஆக்‌ஷன் நடுவே ‘ஸ்டாப்’ என்று ஒரு நிறுத்தத்தைச் செருகி, அதில் ஒரு செய்தியும் எழுதிவைக்கலாம். தொடர அனுமதி என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டால், ஓட்டும்போது செய்தி வந்து நிற்கும், படித்துவிட்டுத் தொடரலாம். 300 படங்களுக்கும் 300 முறை நின்றால் கோபம்தான் வரும். அதனால் நிறுத்தத்தைத் தனி ஆக்‌ஷனாக, அந்தத் தொகுப்பின் தலையில் வைப்பது நல்லது. எழுதியது யாருக்காகவோ அல்ல, ஆறு மாதம் கழித்து இதே நாற்காலியில் உட்காரப்போகும் தனக்காகவே.

மற்றவை கொஞ்சம் கைவேலைச் சங்கதிகள். ஆக்‌ஷன்களைத் தனிக் கோப்பாகச் சேமிக்காவிட்டால் அவை மென்பொருளின் அமைப்புக் கோப்புகளுக்குள்ளேயே கிடக்கும். அமைப்புகளை மீட்டமைக்கிற அன்று மொத்தமும் போகும். ஆகவே தொகுப்பை ஏடிஎன் கோப்பாக வெளியே எடுத்து, படங்கள் இருக்கும் வன்தட்டிலேயே ஒரு பிரதி வைக்க வேண்டும். அகலம் 1200 என்று பதிவுசெய்தால் நெட்டுக்குத்தான படங்கள் பெருத்துப்போகும்; ‘ஃபிட் இமேஜ்’ கட்டளையில் செய்தால் கிடைப்படம், நெடும்படம் இரண்டுக்கும் சரியாக வரும். ஒரு கணினியின் ‘டி’ டிரைவுக்குச் சேமி என்று பதிந்த ஆக்‌ஷன் அந்த டிரைவ் இல்லாத கணினியில் தடுக்கி விழும். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையோ, வேறிடம் சொல்லாவிட்டால் மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். ஸ்கிரிப்ட் எதுவானாலும் முதல் வேலையாக மூலத்தைத் தொடாமல் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தமிழுக்கென்று இன்னொரு தலைவலி. 2011 கணக்கெடுப்பில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடியாகத் தீவுகளில் அதிகம் பேசப்பட்ட தாய்மொழி தமிழ், நூற்றுக்கு 15 பேர். கல்யாணம், காதுகுத்து, போர்ட் பிளேர் வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரம் என்று படமெடுக்க வேலை உண்டு. படத்தின் அடியில் தமிழில் ஒரு வரி போட வேண்டும் என்றால், பழைய போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துத் தெரிவை முதலில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கோயில்’ என்று அடித்ததில் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்து, காலோடு மோதிக்கொண்டு நிற்கும். ஒரு படத்தில் விழுந்தால் கண்ணில் பட்டுவிடும். பேட்சில், அதாவது மொத்தமாக, ஓடினால் அத்தனை படத்திலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே பிழை. மனிதன் களைத்துப்போய்ச் செய்யும் பிழைகள் படத்துக்குப் படம் மாறும். இந்தப் பிழை மாறவே மாறாது. உடைந்த எழுத்துக்குப் பழகிவிட்ட கண்ணுக்கு அது பிழையாகத் தெரிவதும் நின்றுவிடும் என்பதுதான் வேதனை. கோயிலின் பெயரைச் சரியாக எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. எழுத்தைத் தனி அடுக்காக, முதலில் ஒரு படத்தில் ஓட்டிச் சரிபார்த்து, அதன் பிறகு எல்லாவற்றுக்கும் விடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஸ்கிரிப்டுகள் தங்கள் காரணத்தைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. 2020 ஆகஸ்ட் 10 வரை தீவுகளின் இணையம் பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படத்தை அனுப்ப அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எழுதிய ஸ்கிரிப்டுகள் படத்தை நெற்றிப்பொட்டு அளவுக்குச் சுருக்கி, ஜேபெக்கின் தரத்தையும் பிழிந்தெடுக்கும். அது அன்றைக்கு நியாயம். அந்த ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் திறக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் த்வீப், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் வரை அது எட்டியது. கடலுக்கடியில் புதுவழி திறந்த பிறகும் பழைய ஸ்கிரிப்ட் தன்பாட்டுக்குப் படங்களைப் பிழிந்துகொண்டிருந்தால் அதை யார் கேட்பது? ஏன் 800 பிக்சல் என்று எழுதி வைத்திருந்தால் காரணம் போனதும் எண்ணையும் மாற்றியிருக்கலாம். எண் மட்டும் மிஞ்சினால் அது சம்பிரதாயமாகிவிடுகிறது.

யாருக்காக என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்தமான் கடல் சூடேறி, பவளங்கள் கூட்டங்கூட்டமாக வெளுத்தன. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அதற்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். சூடு தாங்காமல் பாசி வெளியேறும்போது பவளம் வெளுக்கும், நாள்பட நீடித்தால் சாகும். அந்த வெளுப்பின் அளவைப் படத்திலிருந்து படிக்க வேண்டிய ஆய்வாளருக்கு நிறம்தான் சான்று. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002 முதல் இதற்காகவே ஒரு நிறஅட்டையைக் கொடுத்துவருகிறது. பவளத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட படத்தின்மேல் விருந்தினருக்கான ஆக்‌ஷனை ஓட்டினால் என்ன ஆகும்? சிவப்பை ஏற்றி, நிறத்தைச் செறிவாக்கி, வெளுத்த பவளத்துக்கு ஒரு செம்பொன் மேனி கொடுத்துவிடும். பார்க்க அழகு. நோயாளிக்கு ரோஸ் பவுடர் போட்டுப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பிய கதை. வாண்டூரில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு வந்துபோகும் பயணிகள் எடுத்த படங்களில் எத்தனையோ, பின்னொரு நாள் அந்தப் பாறை எப்படியிருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை. மூலத்தை அழித்துவிட்டு மினுக்கிய பிரதியை மட்டும் வைத்திருந்தால் அந்தச் சாட்சி கலைந்துபோகும்.

எனவே ஃபோல்டரை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ‘பார்ப்பதற்கு’, ‘பதிவுக்கு’. முன்னதில் சிவப்பு ஊற்றலாம், மூட்டம் விலக்கலாம், வளையலைப் பளிச்சென்று ஆக்கலாம். கல்யாணப்பெண்ணுக்கு அது நியாயமான சந்தோஷம். பின்னதில் பெயர் மாற்றம், தேதி, ஆழம், நிறஅட்டையை வைத்துச் செய்யும் சமன்பாடு, அவ்வளவே. மற்ற பிரிவுகளெல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

ஒரே முறையை வரிசையாகப் பலர்மேல் செலுத்துவது இந்தத் தீவுகளில் கணினிக்கு நூறு வருடம் மூத்த வழக்கம். மாரிஸ் விடல் போர்ட்மன் 1879இல் அந்தமானியர்களுக்குப் பொறுப்பான அதிகாரியாக வந்தார். 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அவர்களைப் படமெடுத்தார். அவற்றில் பல, கட்டம் போட்ட திரையின் முன் ஆளை நிறுத்தி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என எடுத்தவை. அந்தக் கட்டத்துக்கு முன்னோடி, 1869இல் லாம்ப்ரி என்பவர் லண்டனில் சொன்ன முறை: மரச்சட்டத்தில் இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டி, அதன் முன் மனிதரை நிறுத்துவது. தூரம் மாறாது, கோணம் மாறாது, ஆகவே எந்த உடலையும் எந்த உடலோடும் ஒப்பிடலாம். 1896இல் போர்ட்மன் மானிடவியலாளர்களுக்கான புகைப்படக்கலை பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். இன்றைய சொல்லில் அது பேட்ச் முறைக்கான கையேடு.

பவளப்பாறை ஆய்வாளரும் கடல்தரையில் ஒரு சட்டத்தை வைத்துத்தான் படமெடுக்கிறார். முறையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் போர்ட்மனின் திரைக்கு முன் நின்றவர்கள் அழிந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தினர். 1858இல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பு வந்தபோது சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர், 1877இன் அம்மையிலும் வேறு நோய்களிலும் கரைந்து, 1901 கணக்கெடுப்பில் 625 பேரானார்கள். திரை கேட்ட கேள்வி உயரமும் அகலமும். அதற்குப் பதில் கிடைத்தது. எதைக் கேட்கவேண்டும் என்று முடிவுசெய்தது ஓர் ஆள். அதன்பின் அத்தனை படத்துக்கும் அந்தக் கேள்வியே ஓடியது. ஒரு ஸ்கிரிப்டைப் பெயரில்லாமல் விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து இதன் சின்ன வடிவம். கேள்வி மறைந்துவிடும், பதில்கள் மட்டும் குவிந்துகொண்டே போகும்.

எதைச் செய்யக்கூடாது என்பதும் ஸ்கிரிப்டில் எழுதப்பட வேண்டும். ஜாரவா பழங்குடியினரைப் படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1956இன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2012இல் வந்த திருத்தமும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. அந்தப் படம் எந்த ஃபோல்டரிலும் இருக்கக்கூடாது. சிறிய அந்தமானின் கரைகளில் டிசம்பருக்குப் பிறகு முட்டையிட வரும் பேராமைகளின் படம் வேறு வகை. படம் இருக்கலாம், கேமரா பதிந்த இடக்குறிப்பு பொதுவெளிக்குப் போகக்கூடாது. எக்ஸிஃப்டூல் என்ற கருவியில் ஒரே வரியில் இடக்குறிப்பை மட்டும் அழித்துவிடலாம். அந்த வரியை ‘பார்ப்பதற்கு’ ஃபோல்டரில் உள்ள எல்லா ஸ்கிரிப்டுக்கும் தலைவரியாக வைத்துவிட்டால், அவசரத்தில் மறந்துபோக இடமிருக்காது. சோம்பலும் மறதியும் மனிதருக்கு இயல்பு. அவற்றுக்கு எதிராக முன்கூட்டியே போட்டுவைத்த வேலி என்று பார்த்தால், ஸ்கிரிப்டை எழுதி ஒழுங்காக அடுக்குவது பிறர்மேல் காட்டும் அக்கறையும்கூட.

மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும். கடல் கலங்கும், பல நாள் படகு போகாது, கடைகளில் ஆள் வரத்து குறையும். கணினியைத் திறந்து பழையதைக் கிளற வாய்ப்பான காலம் அதுதான். ‘ஃபைனல் புதுசு’ என்பதைத் தெரிந்த ஒரு படத்தில் ஓட்டிப் பார்த்து, அது எந்தத் தண்ணீருக்கானது என்று கண்டுபிடித்து, பெயர் மாற்றி, பழையதை வேறிடத்துக்கு நகர்த்தலாம். ‘அண்ணன் கொடுத்தது’ மட்டும் எதற்கு என்று தெரியாமல் நிற்கும். அதற்குள் நுழைந்து பார்த்தால் முதல் வரியிலேயே ஒரு நிறுத்தம் இருக்கும். ஓட்டினால் திரையில் சின்னப் பெட்டி ஒன்று எழும்பும்: ‘நெமோவுக்கு மட்டும். 5 மீட்டருக்குக் கீழே எடுத்தது என்றால் இதை ஓட்டாதே.’ கீழே இரண்டு பொத்தான்கள், நிறுத்து, தொடர்.